ஏர்பஸ் ஏ400எம் சரக்கு விமானம் ஏன் இவ்வளவு தாமதமானது?

"ஏ380 போன்ற ராட்சத விமானத்தையே செய்து பறக்கவிட்ட ஏர்பஸ், நான்கு புரொப்பல்லர் வைத்த ஒரு ராணுவச் சரக்கு விமானத்தில் ஏன் இப்படித் திணறியது? அந்த ஏ400எம்மை இந்திய விமானப் படை வாங்குவது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஞ்சின் மென்பொருள், கியர்பாக்ஸ், கூடிப்போன எடை, உடல் சட்டங்களில் விரிசல், 2015-ல் ஸ்பெயினின் செவில்யாவில் நடந்த விபத்து. ஏ400எம் என்றதும் பலரும் இவற்றைத்தான் வரிசையாகச் சொல்வார்கள். எல்லாமே உண்மையில் நடந்தவை. ஆனால் இவற்றில் எதுவும் தாமதத்தின் மூலகாரணம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மூலகாரணம் 2003 மே 27 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதுவரை யாரும் செய்திராத ஓர் எஞ்சினை நம்பி, விலையையும் தேதியையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு பழுதும் அந்தத் தாள்களுக்குள் ஏற்கெனவே இருந்தது.

முதலில் தேவையைப் பார்ப்போம். தேவை நிஜமானது. அமெரிக்காவின் சி-130 ஹெர்குலிஸ் சுமார் 20 டன் தூக்கும். சி-17 அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், 77 டன் வரை தூக்கும். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. ஐரோப்பாவிடம் இருந்ததோ சி-130-களும், 1963-ல் முதன்முதலாகப் பறந்த டிரான்சால் சி-160 என்ற இரட்டை எஞ்சின் விமானமும்தான். கனமான கவச வண்டியைத் தூரதேசத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் உக்ரைன், ரஷ்ய நிறுவனங்களின் அன்டோனோவ்-124 விமானங்களை வாடகைக்கு எடுக்க வேண்டிய நிலை. பிரிட்டன் பொறுக்க முடியாமல் 2001-ல் நான்கு சி-17-களைக் குத்தகைக்கு எடுத்தது. பிறகு அவற்றையே வாங்கி, எண்ணிக்கையை எட்டாக உயர்த்திக்கொண்டது.

அதனால் கேட்ட விமானம் இப்படி இருந்தது: 37 டன் வரை தூக்க வேண்டும். உள்ளே 4 மீட்டர் அகலம், 3.85 மீட்டர் உயரம் வேண்டும். ஜெட் விமானத்தை ஒட்டிய வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்தில் 72 சதவீதம் வரை, கண்டம் கடந்து போக வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் மண் ஓடுபாதையிலும் இறங்க வேண்டும். அதே விமானம் மெதுவாகப் பறந்து ஹெலிகாப்டருக்கு நடுவானில் எரிபொருள் ஊட்ட வேண்டும், வேகமாகப் பறந்து போர்விமானத்துக்கும் ஊட்ட வேண்டும். பாராசூட் வீரர்களை இரு பக்கக் கதவுகள் வழியாகவும் ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஜெர்மனி தன் பூமா கவச வண்டியை வடிவமைத்தபோது, ஏ400எம்முக்குள் ஏற்ற வேண்டும் என்பதற்காகவே அதன் அடிப்படை எடையை 32 டன்னுக்குள் அடக்கியது. விமானம் பறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ராணுவத்தின் மற்ற திட்டங்கள் அதன் மேல் சாய்ந்துகொண்டிருந்தன.

இந்த யோசனை 1982-லேயே பிறந்தது. பிரான்சின் ஏரோஸ்பேசியால், பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், ஜெர்மனியின் எம்பிபி, அமெரிக்காவின் லாக்ஹீட் நான்கும் சேர்ந்து தொடங்கின. 1989-ல் லாக்ஹீட் விலகிப் போய், தன் சி-130-ஐயே புதுப்பிக்கும் வேலையில் இறங்கியது. அது பின்னால் சி-130ஜே ஆயிற்று. மிச்சமிருந்த ஐரோப்பியர்கள் மேலும் 14 வருடம் பேசினார்கள். இத்தாலி வந்தது, 2001-ல் வெளியேறியது. போர்ச்சுகலும் விலகியது. ஜெர்மனி 73 கேட்டது, பிறகு 60 என்றது. கடைசியில் ஏழு நாடுகள், 180 விமானங்கள்: ஜெர்மனி 60, பிரான்ஸ் 50, ஸ்பெயின் 27, பிரிட்டன் 25, துருக்கி 10, பெல்ஜியம் 7, லக்சம்பர்க் 1. மொத்தம் 2,000 கோடி யூரோ. நாடுகள் சார்பில் ஓக்கார் என்ற கூட்டுக் கொள்முதல் அமைப்பு கையெழுத்திட்டது.

இந்த ஒப்பந்தம் வழக்கமான ராணுவ ஒப்பந்தம் இல்லை. பொதுவாகப் புதிய போர்விமானம் போன்றவற்றில், முதலில் ஆய்வுக் கட்டம், பிறகு மாதிரி, அதில் தெரியவரும் சிக்கல்களைப் பார்த்த பின்பே உற்பத்திக்கான விலை என்று படிப்படியாகப் போவார்கள். இங்கே வடிவமைப்பு, சோதனை, உற்பத்தி மூன்றையும் ஒரே ஒப்பந்தத்தில் அடைத்து, அதற்கு நிலையான விலை வைத்தார்கள். பயணிகள் விமானத்தை விற்பது போல விற்கலாம் என்று ஏர்பஸ் நம்பியது. அரசுகளுக்கும் அது இனித்தது, செலவு கூடினால் நிறுவனத்தின் தலையில்தானே விழும்! மண் பரிசோதனை செய்யாமல், வரைபடம் முடியாமல், மொத்தத் தொகை பேசி மாடிவீடு கட்ட ஒப்புக்கொண்ட மேஸ்திரியின் நிலைதான் ஏர்பஸுக்கு. முதல் விமானத்தை 2009-ல் தருவதாக வாக்கு. கையெழுத்திலிருந்து ஒப்படைப்பு வரை ஆறரை வருடம்.

ஆறரை வருடம் எவ்வளவு குறைவு என்பதற்கு சி-17 நல்ல அளவுகோல். மெக்டோனல் டக்ளஸை அமெரிக்க விமானப் படை தேர்ந்தெடுத்தது 1981 ஆகஸ்டில். முதல் பறப்பு 1991 செப்டம்பர் 15. படையில் முறையாகச் சேவைக்கு வந்தது 1995 ஜனவரி. இத்தனைக்கும் அதன் எஞ்சின் புதிதல்ல, போயிங் 757-ல் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த எஞ்சினின் ராணுவ வடிவம். அப்படியிருந்தும் 1992 அக்டோபரில் தரைச் சோதனையில், 150 சதவீதச் சுமையைத் தாங்க வேண்டிய இறக்கை 128 சதவீதத்திலேயே முறிந்தது. 40 விமானங்களோடு திட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க அரசு யோசிக்கும் நிலைக்குப் போனது. ஜப்பானின் கவாசாகி சி-2-வும் தரைச் சோதனையில் உடல் சேதமடைந்து பல ஆண்டுகள் பின்தங்கியது. இந்தத் துறையில் தாமதம் வழக்கம். அதற்கு இடமே விடாத தேதியில் கையெழுத்துப் போட்டதுதான் இங்கே நடந்த தவறு.

இனி எஞ்சின். முதலில் தேர்ந்தெடுத்த எஞ்சின் வடிவம் எடைக்கும் எரிபொருள் கணக்குக்கும் ஒத்துவராததால் 2002-ல் மறுபடி போட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் பிராட் அண்ட் விட்னி கனடா. டர்போபிராப், அதாவது புரொப்பல்லரைச் சுழற்றும் ஜெட் வகை எஞ்சினில் நீண்ட அனுபவமும், குறைந்த விலையும் அவர்களிடம் இருந்தன. மறுபக்கம் யூரோப்ராப் இன்டர்நேஷனல். ரோல்ஸ்-ராய்ஸ், பிரான்சின் ஸ்னெக்மா, ஜெர்மனியின் எம்டியூ, ஸ்பெயினின் ஐடிபி ஆகிய நான்கும் இந்த ஒரு வேலைக்காகவே சேர்ந்து உருவாக்கிய கூட்டு நிறுவனம். ஏர்பஸின் மனம் கனடா பக்கம் சாய்ந்திருந்தது. ஐரோப்பியர் வரிப்பணத்தில் வரும் விமானத்துக்கு ஐரோப்பிய எஞ்சின்தான் என்று அரசுகள் அழுத்தின. 2003 மே மாதம் யூரோப்ராப்பின் டிபி400 தேர்வாயிற்று. அதே மாதக் கடைசியில்தான் விமான ஒப்பந்தமே கையெழுத்தானது.

இந்த நான்கு நிறுவனங்களையும் குறைவாக நினைக்க வேண்டாம், தனித்தனியே ஒவ்வொன்றும் பெரிய கை. ஆனால் டிபி400 தரும் ஆற்றல் 11,000 குதிரைத்திறன். சி-130ஜே-யின் எஞ்சினைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேற்கத்திய நாடுகளில் உற்பத்திக்கு வந்த டர்போபிராப் எஞ்சின்களில் இதைவிடப் பலமானது எதுவும் இல்லை. அப்படி ஒன்றை, நான்கு நாட்டு அணிகள் பங்கு போட்டுச் செய்ய வேண்டும். முழுப் பொறுப்பை ஏற்கும் தலைமை நிறுவனம் என்று ஒன்று இல்லை. எந்த வேலை யாரிடம் போகும் என்பதை, எந்த நாடு எத்தனை விமானம் வாங்குகிறது என்ற கணக்கு பெருமளவு தீர்மானித்தது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இந்த இடம்தான். பொறியியல் தீர்மானிக்க வேண்டியதை மேசைக் கணக்கு தீர்மானித்தது.

அதன் விளைவு முதலில் தெரிந்தது மென்பொருளில். எஞ்சினையும் புரொப்பல்லரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் கணினி அமைப்புக்கு ஃபேடெக் என்று பெயர். விமானி கைப்பிடியை நகர்த்தினால் எவ்வளவு எரிபொருள், இதழ்களின் கோணம் எவ்வளவு என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். மென்பொருள் பொறுப்பு எம்டியூவிடம். ஒப்பந்தப்படி விமானத்துக்குப் பயணிகள் விமானத் தரத்திலான சான்றிதழும் வேண்டும். அந்தத் தரத்தில், நிரல் சரியாக ஓடினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது, எந்தச் சோதனையில் சரிபார்க்கப்பட்டது என்ற தடம் ஆவணத்தில் இருக்க வேண்டும். ராணுவப் பழக்கத்தில் எழுதிய மென்பொருளில் அந்தத் தடம் போதிய அளவில் இல்லை. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அதை ஏற்காது என்று தெரிந்தபோது, வேலையின் பெரும்பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

2008 ஜூன் 26 அன்று செவில்யாவில் ஸ்பெயின் மன்னர் முன்னிலையில் முதல் விமானத்தை வெளியே இழுத்து வந்து விழா எடுத்தார்கள். அன்றைக்கு அதன் எஞ்சின் வானத்தில் ஒரு நிமிடம்கூட ஓடியதில்லை. ஒரு பழைய சி-130-ன் இறக்கையில் டிபி400-ஐ மாட்டி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் முதன்முதலாகப் பறக்கவிட்டதே அந்த வருடம் டிசம்பர் 17-ல்தான். ஏ400எம் தானாகப் பறந்தது 2009 டிசம்பர் 11. மூன்று மணி 47 நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கியது. முதல் ஒப்படைப்பு நடந்திருக்க வேண்டிய வருடத்தில் முதல் பறப்பு நடந்தது.

புரொப்பல்லர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த விமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சமும், மிகவும் தொல்லை கொடுத்த அம்சமும் அவைதான். ஒவ்வொன்றும் எட்டு இதழ், 5.3 மீட்டர் விட்டம். நான்கும் ஒரே திசையில் சுழல்வதில்லை. ஒவ்வொரு இறக்கையிலும் உள்ள இரண்டு புரொப்பல்லர்களும் எதிரெதிராக, நடுவில் இதழ்கள் கீழ்நோக்கி வருமாறு சுழல்கின்றன. இதனால் இறக்கை மேல் பாயும் காற்று இரு பக்கமும் ஒரே சீராக இருக்கிறது. ஓரத்து எஞ்சின் ஒன்று நின்றுபோனாலும், எந்தப் பக்கம் நின்றாலும், விமானம் திரும்பிக்கொள்ளும் விசை சமாளிக்கக்கூடிய அளவிலேயே இருக்கும். ஆகவே செங்குத்து வாலைச் சிறிதாக வைக்கலாம், எடை மிச்சம். நேர்த்தியான யோசனை.

அதற்கு ஒரு விலை உண்டு. எஞ்சின்கள் நான்கும் ஒரே வார்ப்பு, ஒரே திசையில் சுழல்பவை. திசையை மாற்ற வேண்டிய இரண்டில் மட்டும் கியர்பாக்ஸுக்குள் கூடுதல் பல்சக்கரம் ஒன்று நடுவில் வர வேண்டும். ஆக ஒரே விமானத்தில் இருவகைக் கியர்பாக்ஸ். அதுவும் 11,000 குதிரைத்திறனைத் தாங்கும் கியர்பாக்ஸ். அதைச் செய்தது இத்தாலியின் ஏவியோ. விமானத்தையே வேண்டாம் என்று 2001-ல் விலகிய நாட்டின் நிறுவனம்! 2016-ல் படைகளில் பறந்துகொண்டிருந்த விமானங்களின் கியர்பாக்ஸ்களில் விரிசலும், எண்ணெயில் உலோகத் துகள்களும் தென்பட்டன. சில நிலைகளில் 20 மணி நேரம் பறந்ததுமே கியர்பாக்ஸைச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பினாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தூரதேசத்துக்கென்றே வாங்கிய விமானத்துக்கு இது எப்பேர்ப்பட்ட விலங்கு என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஜூலையில் தற்காலிகத் திருத்தம் ஒன்றுக்குச் சான்று கிடைத்து நெருக்கடி தணிந்தது. நிலையான தீர்வு வர மேலும் காலம் பிடித்தது.

பணக் கதைக்கு வருகிறேன். ஏர்பஸ் பக்கமும் குற்றம் உண்டு. திட்டத்தை நடத்தியது மட்ரிடில் இருந்த ஏர்பஸ் மிலிட்டரி என்ற தனி நிறுவனம். பிரான்சின் துலூஸில், ஏர்பஸின் தலைமையிடத்தில் இருந்த முக்கியப் பொறியாளர்கள் மேல் அதற்கு அதிகாரம் கிடையாது. 2006-ல் ஏ380-ன் மின்கம்பிச் சிக்கல் வெடித்தபோது துலூஸின் கவனமெல்லாம் அங்கே போனது, அடுத்து ஏ350 என்ற புதுப் பயணிகள் விமானம் வந்தது. ராணுவ விமானம் வீட்டின் கடைசிப் பிள்ளை ஆனது. 2008 டிசம்பரில்தான் அதை ஏர்பஸுக்குள் முழுமையாக இழுத்துக்கொண்டார்கள். 2009 ஜனவரியில், தாய் நிறுவனமான இஏடிஎஸ், ஒப்படைப்பு மூன்று வருடம் தள்ளிப்போகும் என்று அறிவித்தது. பிரெஞ்சு செனட்டின் இரு உறுப்பினர்கள் அந்த வருடம் தந்த அறிக்கை, ஒப்பந்தத்தின் அமைப்பையே கேள்விக்கு உட்படுத்தியது. ஏழு நாடுகளுக்குப் பின்னால் ஆர்டர் கொடுத்திருந்த தென்னாப்பிரிக்கா நவம்பரில் தன் எட்டு விமானங்களையும் ரத்து செய்தது.

தணிக்கையாளர்கள் கணக்குப் பார்த்தபோது ஒப்பந்தத் தொகையைவிட 1,120 கோடி யூரோ கூடுதலாகும் என்று வந்தது. 2010 ஜனவரியில் ஏர்பஸ் தலைவர் டாம் எண்டர்ஸ், பணம் வராவிட்டால் திட்டத்தையே நிறுத்திவிடுவோம் என்ற அளவுக்குப் பேசினார். மார்ச்சில் சமரசம் பிறந்தது. அரசுகள் 200 கோடி யூரோ கூடுதல் விலை தருவதாகவும், தாமத அபராதத்தைத் தள்ளுபடி செய்வதாகவும், ஏற்றுமதி வருமானத்திலிருந்து திருப்பித் தர வேண்டிய முறையில் இன்னொரு 150 கோடி தருவதாகவும் ஒப்புக்கொண்டன. திருத்திய ஒப்பந்தம் 2011 ஏப்ரல் 7 அன்று கையெழுத்தானபோது எண்ணிக்கை 170 ஆகக் குறைந்திருந்தது: ஜெர்மனி 53, பிரிட்டன் 22. "நிலையான விலை" என்று எழுதியதால் அரசுகளின் பணம் தப்பிக்கவில்லை. நிறுவனத்தின் பணமும் தப்பிக்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் ஏர்பஸ் இந்தத் திட்டத்துக்காகக் கணக்கில் எழுதிய நஷ்டம் மொத்தம் 800 கோடி யூரோவைத் தாண்டியது. 2016-ல் மட்டும் 220 கோடி.

பிரெஞ்சு விமானப் படை முதல் விமானத்தைப் பெற்றது 2013 ஆகஸ்டில். வருட முடிவுக்குள் அது ஓர்லியான்சிலிருந்து மாலியின் பமாக்கோவுக்குச் சரக்கு கொண்டுபோய்விட்டது. ஆனால் அப்போது கைக்கு வந்தது சரக்கு ஏற்றி இறக்கும் விமானம் மட்டுமே. ராணுவத் திறன்களெல்லாம் தவணை முறையில் பின்னால் வரும் என்று புது ஒப்பந்தத்தில் முடிவாகியிருந்தது. படைகள் விமானத்தை வாங்கிப் பறக்கவிடுவதும், சில காலம் கழித்து மேம்பாட்டுக்காகத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்புவதுமாக வருடங்கள் ஓடின.

அந்தத் திறன்களில் இரண்டு மிகவும் பாடுபடுத்தின. ஒன்று பாராசூட். இரு பக்கக் கதவுகளிலும் ஒரே நேரத்தில் குதித்தால், அகன்ற உடலின் பின்னால் சுழலும் காற்று வீரர்களை நடுவே இழுத்து ஒருவரோடொருவர் மோதவைக்கும் ஆபத்து. பல வருடச் சோதனைக்குப் பிறகே 116 பேர் இரு பக்கமும் குதிக்க அனுமதி கிடைத்தது. இன்னொன்று ஹெலிகாப்டருக்கு எரிபொருள் ஊட்டுவது. இறக்கையின் பின்னால் எழும் காற்றுச் சுழலில் ஹெலிகாப்டர் நிலையாக நிற்க முடியவில்லை. குழாயை 36 மீட்டருக்கு மேல் நீட்டி, ஹெலிகாப்டரை இன்னும் பின்னால் தள்ளி நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்து, 2020-ல்தான் சோதனையில் வெற்றிகரமாக எரிபொருள் ஏற்றினார்கள். பிரான்சு அதற்குள் காத்திருக்க முடியாமல் இந்த வேலைக்காகவே அமெரிக்காவிடம் இரண்டு கேசி-130ஜே வாங்கிவிட்டது.

2015 மே 9 பற்றி எழுதாமல் இந்தப் பதில் முழுமையாகாது. துருக்கிக்காகத் தயாரான 23-ஆம் விமானம் செவில்யாவில் தன் முதல் பறப்புக்குக் கிளம்பியது. உள்ளே ஆறு பேர், எல்லோரும் ஏர்பஸ் ஊழியர்கள். தரையை விட்டு எழும்பிய சற்று நேரத்தில் நான்கில் மூன்று எஞ்சின்கள் விமானி சொன்னதைக் கேட்காமல் அதிக ஆற்றலிலேயே உறைந்து நின்றன. கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர விமானிகள் கைப்பிடியை முழுக்கப் பின்னுக்கு இழுத்தார்கள். எஞ்சின்கள் ஆற்றலை இறக்கின, பிறகு திரும்ப ஏறவே இல்லை. ஒரே எஞ்சினோடு ஓடுபாதைக்குத் திரும்ப முயன்ற விமானம் மின்கோபுரத்தில் மோதி வயலில் விழுந்து எரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள், இருவர் படுகாயத்தோடு பிழைத்தார்கள்.

காரணம் உலோகத்தில் இல்லை. எஞ்சின் தண்டின் முறுக்கு விசையை அளக்கும் உணரிகள் உண்டு. ஒவ்வோர் எஞ்சினுக்கும் அந்த அளவீட்டைப் படிப்பதற்கான திருத்த எண்கள் தனித்தனியே கணினியில் ஏற்றப்பட வேண்டும். இறுதிப் பொருத்தலின்போது மென்பொருளை நிறுவிய வேளையில் மூன்று எஞ்சின்களுக்கு அந்த எண்கள் இல்லாமல் போயின. எண் இல்லாத கணினிக்குத் தன் எஞ்சின் எவ்வளவு ஆற்றல் தருகிறது என்றே தெரியாது. அப்படிப்பட்ட நிலையில் பாதுகாப்பான வழி என்று வடிவமைப்பாளர்கள் நினைத்ததைத்தான் அது செய்தது: ஆற்றலை அப்படியே உறையவை, இறக்கச் சொன்னால் இறக்கிவிட்டு அங்கேயே நில். ஓர் எஞ்சினுக்கு இது நடந்தால் சரியான யோசனை. மூன்றுக்கு ஒன்றாக நடக்கும் என்று யாரும் எண்ணவில்லை. இதைவிட வேதனை என்னவென்றால், இந்தக் கோளாறைப் பற்றிய முதல் எச்சரிக்கை விமானிக்குத் தரையில் வருவதாக இல்லை, சுமார் 400 அடி உயரம் ஏறிய பின்பே வருவதாக இருந்தது. கட்டமைப்பில் கோளாறு இல்லை, இறுதிப் பொருத்தலில் நடந்த தரக் குறைபாடு என்று ஏர்பஸின் உயர் அதிகாரி மர்வான் லஹூத் அந்த மாதமே வெளிப்படையாகச் சொன்னார்.

இதையும் ஒப்பந்தத்தின் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். முழுவதுமாகச் சேர்க்க முடியாது. ஆனால் தேதிக்குத் துரத்தப்படும் தொழிற்சாலையில், நான்கு நாட்டு நிறுவனங்கள் செய்த எஞ்சினின் மென்பொருளை ஐந்தாவது ஒருவர் நிறுவும்போது, "இந்த எண்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்ற அறிவு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு முழுதாகப் போய்ச்சேர வேண்டும். அந்தச் சங்கிலியின் கண்ணிகளைப் பெருக்கியது 2003-ன் பங்கீடுதான்.

தாமதத்தின் பாரம் கடைசியில் யார் மேல் விழுந்தது என்றும் பார்க்க வேண்டும். அரைநூற்றாண்டு பழைய டிரான்சால்களை ஜெர்மன் படையினர் 2021 வரையிலும், பிரெஞ்சுப் படையினர் 2022 வரையிலும் ஓட்டினார்கள். ஆப்கானிஸ்தானின் தூசியிலும் ஆப்பிரிக்காவின் வெயிலிலும் அவற்றைப் பறக்கும் நிலையில் வைத்திருந்த தரைப் பணியாளர்களின் உழைப்பை எந்தத் தணிக்கை அறிக்கையும் கணக்கிடவில்லை. 2017-ல் ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபொன் டெர் லையன் லித்துவேனியாவுக்கு ஏ400எம்மில் போனார். எஞ்சினில் எண்ணெய்க் கசிவு ஏற்பட, அவரைத் திருப்பி அழைத்து வந்தது ஒரு டிரான்சால்.

இன்றைய நிலைமை வேறு. 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து மக்களை வெளியேற்றியபோது ஜெர்மனியின் ஏ400எம்கள் காபூலுக்கும் தாஷ்கண்டுக்கும் இடையே ஓயாமல் பறந்து 5,300-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்தன. 2023-ல் சூடானிலும் அவை போய் இறங்கின. பிரிட்டன் அந்த வருடம் தன் சி-130-களை எல்லாம் ஓய்வு பெறச் செய்து 22 ஏ400எம்களையே நம்ப முடிவெடுத்தது. மலேசியா நான்கை சுபாங்கிலிருந்து இயக்குகிறது. கஜகஸ்தானும் இந்தோனேசியாவும் தலா இரண்டு வாங்கின. விமானம் நல்ல விமானம். நான் குறை சொல்வது அதைப் பெற்றெடுத்த முறையை மட்டுமே.

இனி இந்தியா. நம் விமானப் படை 18 முதல் 30 டன் வரை தூக்கும் நடுத்தரச் சரக்கு விமானத்துக்காக 2022 டிசம்பரில் தகவல் கேட்டது. 1980-களில் வாங்கத் தொடங்கிய ஏஎன்-32 சரக்கு விமானங்களுக்கு மாற்று வேண்டும். சி-130ஜே, பிரேசிலின் சி-390, ஏ400எம் மூன்றும் போட்டியில் இருக்கின்றன. இதற்குமுன் ரஷ்யாவோடு சேர்ந்து 20 டன் விமானம் செய்ய 2007-ல் உடன்பாடு போட்டோம். இந்தியா ஃபேடெக் உள்ள புது எஞ்சின் கேட்டது, ரஷ்யா பழைய எஞ்சினே போதும் என்றது. 2016 வாக்கில் அது நின்றுபோனது. அங்கேயும் முட்டுக்கட்டை எஞ்சின்தான்.

ஏ400எம்மின் வளர்ச்சிக்காலச் சிக்கல்களை நினைத்து இப்போது பயப்பட வேண்டியதில்லை, அவற்றுக்கான விலையை ஐரோப்பியர் கொடுத்து முடித்துவிட்டார்கள். நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. சி-390-ன் எஞ்சின் ஏ320 குடும்பத்தில் ஆயிரக்கணக்கில் ஓடிய வகை. சி-130ஜே-யின் எஞ்சின் குடும்பம் வேறு விமானங்களிலும் இருக்கிறது. டிபி400 உலகத்தில் ஏ400எம்மைத் தவிர வேறெதிலும் இல்லை. மொத்த ஆர்டரே 178 விமானங்கள். 40 வருடம் ஓட்டப் போகும் விமானத்துக்கு இந்தச் சிறிய கூட்டத்தை நம்பி உதிரிபாகம் செய்பவர்கள் என்ன விலை சொல்வார்கள், கியர்பாக்ஸைப் பிரித்துப் பழுதுபார்க்கும் உரிமை இந்தியாவுக்குக் கிடைக்குமா, மென்பொருளை ஏற்றவும் சரிபார்க்கவும் நம் ஆட்களுக்கு முழு ஆவணம் கையில் தரப்படுமா? பேரம் பேசும் மேசையில் இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் வாங்கலாம் என்பேன். 30 டன்னுக்கு மேல் தூக்கும் தேவை நமக்கு அடிக்கடி வராது என்றால், கூட இருக்கும் அந்த 7 டன்னுக்காக இந்த எஞ்சினைக் கட்டிக்கொள்வதைப் பற்றி நான் இருமுறை யோசிப்பேன்.